டீச்சர் மேல ஒரு புகார்

"ஒரே ஒரு தடவை அந்த மவுஸைத் தொட்டு முடிச்சுக் குடுத்தா உங்க கை தேஞ்சா போயிடும்?"

லிஃப்ட்டம்மா போட்ட சத்தத்தில் வகுப்பே திரும்பிப் பார்த்தது.

டீச்சர் கட்டிய கையைப் பிரிக்கவில்லை. "நீங்களே பண்ணுங்கக்கா. இடது பக்கம் மேல பாருங்க."

லிஃப்ட்டம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் மகள் வயதுகூட இருக்காது, என்ன திமிர் இவளுக்கு!

பத்து மாடிக் கட்டடத்தில் பதினெட்டு வருஷமாக லிஃப்ட் இயக்குகிறவள். அடுத்த மாதம் புது லிஃப்ட் வருகிறது, அதற்கு ஆள் வேண்டாமாம். அதே கட்டடத்தில் பார்சல் வாங்கி வைக்கிற வேலை ஒன்று காலி. "ஆன்லைன்ல விண்ணப்பிச்சாதான் பார்ப்போம்" என்றுவிட்டார் மேனேஜர். வெள்ளிக்கிழமை கடைசி நாள். இன்று புதன்.

மருமகனிடம் கேட்கலாம். போன வருஷம் அவன்தான் ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தான். அவசரத்தில் தன் போன் நம்பரைத் தட்டிவிட்டான். நேர்காணலுக்கு அழைப்பு அவனுக்குப் போனது. சொல்ல மறந்துவிட்டான். இனி அவனிடம் போய் நிற்பதாக இல்லை.

அதனால்தான் இந்த இலவசக் கம்ப்யூட்டர் வகுப்பு. மூன்று தொண்டு அமைப்புகள் சேர்ந்து நடத்துவது. ஒன்று இடம் கொடுத்தது, ஒன்று கம்ப்யூட்டர்களைக் கொடுத்தது, இன்னொன்று இந்த மகராசியைக் கொடுத்தது.

"பட்டன் அழுத்தியே சாப்பிடறவ நான். என்னையே முட்டாளாக்கறீங்களா? உங்க மேலிடத்துக்கே போறேன்!"

"போயிட்டு வாங்கக்கா" என்றாள் டீச்சர்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

முதல் அமைப்பில், "நாங்க இடம் மட்டும்தாம்மா. ஃபேன் ஓடலைன்னா சொல்லுங்க" என்றார்கள்.

இரண்டாவது அமைப்பில், "நாங்க கம்ப்யூட்டர். அது ரிப்பேர்னா சொல்லுங்க."

மூன்றாவது அமைப்பில் ஒரு இளைஞர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "டீச்சர் எங்க ஆளுதான். ஆனா வாயால சொன்னா புகாரை எடுக்க முடியாதும்மா. வெப்சைட்ல பதியணும்."

"அதெல்லாம் தெரிஞ்சா நான் ஏன்ப்பா இங்க வரேன்? அதைச் சொல்லித் தரலைன்னுதானே புகாரே!"

"விதி அப்படிம்மா."

"மூணு பேரும் கூட்டு சேர்ந்து நல்லா நடத்தறீங்க!"

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பதியணுமா? பதிஞ்சு காட்டறேன்டா! கறுவிக்கொண்டே நேராக வகுப்புக்குப் போய் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

டீச்சர் வந்து பின்னால் நின்றாள். அதே கட்டிய கை.

"உங்களைப் பத்திதான் எழுதப் போறேன். நல்லா நின்னு பாத்துக்கோங்க!"

"எழுதுங்கக்கா. 'புகார்'னு இருக்கு பாருங்க, அதை கிளிக் பண்ணுங்க."

ஒற்றை விரல். 'டீச்சர்' என்று அடிக்கவே நாலு நிமிஷம் ஆனது. அதிலும் புள்ளி தப்பான எழுத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. அழித்தாள், மறுபடி அடித்தாள். 'திமிர்' என்று அடிக்கும்போது மட்டும் விரல் தானாக ஓடியது. தன் போன் நம்பரை மூன்று தடவை சரிபார்த்தாள். 'அனுப்பு' என்பதை ஓங்கி அழுத்தினாள்.

"போச்சா?"

"போயிடுச்சுக்கா."

"அப்படியே அந்த வேலை விண்ணப்பத்தை எடுங்க... வேண்டாம், நகருங்க! நானே எடுத்துக்கறேன்."

வகுப்பு முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது அதுவும் போய்ச் சேர்ந்தது. டீச்சர் ஒரு பட்டனைக்கூடத் தொடவில்லை.

திங்கட்கிழமை காலை போன் அடித்தது. புதன்கிழமை நேர்காணலுக்கு வரச் சொன்னார்கள். அவள் போனுக்கே, அவள் காதுக்கே வந்த அழைப்பு!

அதை வைத்ததும் இன்னொன்று. மூன்றாவது அமைப்பின் இளைஞர்.

"அம்மா, டீச்சர் மேல புகார் குடுத்திருக்கீங்க..."

"ஆமா, குடுத்தேன். ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டேன்!"

"மாத்த வேண்டாம்மா. யார் டைப் பண்ணிக் குடுத்தாங்க?"

"எனக்கு யார் பண்ணிக் குடுப்பாங்க? முதல் எழுத்துலேர்ந்து கடைசிப் புள்ளி வரைக்கும் நானேதான்!"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"என்ன சிரிப்பு வேண்டியிருக்கு? என்ன நடவடிக்கை எடுக்கப் போறீங்க, அதைச் சொல்லுங்க."

"அவங்க மேல வந்திருக்கற பதினாலாவது புகார் இதும்மா. பதினாலும் அவங்ககிட்ட படிக்கறவங்க தங்க கையாலேயே டைப் பண்ணினது. புகாரை வெப்சைட்ல மட்டும்தான் வாங்கணும்னு எங்க மூணு அமைப்பையும் உட்கார வெச்சு விதி போட வெச்சதே அந்த டீச்சர்தான்!"