எழுந்திருக்க வேண்டிய இடம்

அவள் செத்துக் கிடந்தாள்.

இன்னும் பத்து நிமிடம். பிறகு எழுந்துவிடலாம்.

சும்மா கண்ணை மூடிக் கிடப்பதுதானே, லேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். மூக்கு அரிக்கும். கழுத்து மாலையில் எறும்பு இருக்கும். நெஞ்சு ஏறி இறங்குவது ஜனங்களுக்குத் தெரியாமல் வயிற்றுக்குள்ளேயே மூச்சு விட வேண்டும்.

"டேய், பொணம் மூச்சு விடுதுடா!"

பின்வரிசையில் ஒருவன் கத்தினான். கல்யாண மண்டபமே சிரித்தது.

ஐஸ் பெட்டி கேட்டுப் பார்த்தார்கள். நாடகத்துக்கெல்லாம் தரமாட்டோம், ராசி போய்விடும் என்றுவிட்டார் வாடகைக் கடைக்காரர். அதற்கும் ஒரு ராசி. இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருந்தாள்.

கதை சீமையிலிருந்து வந்தது. நானூறு வருஷத்துப் பழசு. பகையான இரண்டு வீடு. ஒரு பெண், ஒரு பையன். வீட்டாரிடமிருந்து தப்ப, பெண் ஒரு மருந்தைக் குடித்துச் செத்தவள்போல் கிடப்பாள். நிஜமென்று நம்பிப் பையன் உயிரை விடுவான். விழித்துப் பார்த்து அவளும் விடுவாள்.

நாடகக் குழுவை நடத்தும் நிர்மலாக்கா அதில் சாதியைக் கொண்டுவந்தாள். கடைசியையும் மாற்றினாள்.

"ரெண்டு புள்ளைகளையும் கொன்னாத்தான் நல்ல நாடகமா? நான் கொல்லமாட்டேன், போ."

பையனாக நடிக்கும் அய்யனார் தலைமாட்டில் நின்று 'செவந்தி' என்று மூன்று முறை கூப்பிடுவான். மூன்றாவது குரலுக்கு அவள் எழுந்திருக்க வேண்டும். அவன் கையைப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி, ஜனங்களுக்கு நடுவிலேயே நடந்து வெளியே போய்விட வேண்டும்.

இருபத்தாறு ஊர்களில் எழுந்திருக்கிறாள்.

இந்த ஊரில், மாலை கட்டித் தந்த பூக்காரம்மாதான் மத்தியானம் கேட்டாள்.

"இந்தக் கதையவா இங்க ஆடப் போறீக?"

நாரைப் பல்லில் கடித்துக்கொண்டே சொன்னாள். போன ஆடியில் பெரிய வீட்டுப் பெண் ஒன்று வேற்றுச்சாதிப் பையனோடு போய்விட்டது. கல்யாணம் பண்ணி வைக்கிறோம், வந்துவிடு என்று பெற்றவளையே போனில் பேச வைத்தார்கள். அம்மா குரல். நம்பி வந்தது. மறுநாள், வயிற்றுவலியில் செத்துப்போனது என்றார்கள். பெற்றவளை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, முகத்தைக்கூடக் காட்டாமல் எரித்துவிட்டார்கள்.

"அப்பங்காரருதான் இன்னைக்கு விழாத் தலைவரு. முன்னாடிதான் உக்காந்திருப்பாரு, பொண்டாட்டியோட."

முன்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"ஏய். எங்கடி போற? உக்காரு."

ஆண்குரல். சத்தம் போட்டுப் பேச அவசியமே வராதவரின் குரல்.

மேடைப் பலகை அழுந்தியது. வெறுங்கால். மெட்டி பலகையில் பட்டது.

அய்யனாரின் வசனம் பாதியில் நின்றுபோனது.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. பிணம் திறக்காதே.

விரல்கள் நெற்றியைத் தொட்டன. முடியை ஒதுக்கின. இடது காதுக்குப் பின்னால் எதையோ தேடின. ஒரு மச்சமாக இருக்கலாம். தழும்பாக இருக்கலாம்.

இல்லை.

இல்லாத இடத்திலேயே விரல் கொஞ்ச நேரம் இருந்தது.

பிறகு கால்மாட்டில் துணி கிழிகிற சத்தம். புடவை ஓரம்.

கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு சுற்று. இன்னொரு சுற்று. முடிச்சு.

செத்தவர்களுக்குக் கட்டுவது. இருபத்தாறு ஊரிலும் யாருக்கும் தோன்றாமல் போனது.

"அவளப் புடிச்சுக் கீழ எறக்குங்கடா."

முன்வரிசையில் இரண்டு மூன்று நாற்காலிகள் நகர்ந்தன.

படுதாவுக்குப் பின்னாலிருந்து நிர்மலாக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"கூப்புடுடா அய்யனாரு. அவ எந்திரிக்கட்டும். எந்திரிச்சா எல்லாம் சரியாயிரும்."

"செவந்தி."

முதல் குரல்.

காதோரம் சூடான மூச்சு வந்தது.

"யாரு கூப்புட்டாலும் எந்திரிக்காத, தாயி. நான் கூப்புட்டாலும்."

"செவந்தி."

முந்தானை ஒன்று அவள் நெஞ்சின் மேல் விரிந்தது. ஏறி இறங்குவது யாருக்கும் தெரியாதபடி, அந்தக் கைகள் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துவிட்டன.

மேடைப் படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது.

"செவந்தி!"

மண்டபத்தில் இப்போது யாரும் சிரிக்கவில்லை.

முந்தானைக்கு அடியில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.