வாத்து டீச்சரும் சாட்சிப் பல்லியும்

எனக்கு ஒரு கதையை நேராகச் சொல்ல வராது. ஐந்தாவதோடு படிப்பை விட்டவள். இது பள்ளிக்கூடத்துக் கதை வேறு, தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

இரண்டாம் வகுப்பில் வாத்து டீச்சர், "மழை எப்படி வருகிறது?" என்று கேட்டாள்.

"மேலே யாரோ கால் கழுவுகிறார்கள், டீச்சர்," என்றது ஆட்டுக்குட்டி.

தப்பு என்று சொல்ல டீச்சர் அலகைத் திறப்பதற்குள், சுவரிலிருந்த பல்லி "ச்சு ச்சு" என்றது. பல்லி சத்தம் கொடுத்தால் சொன்னது உண்மை அல்லவா? டீச்சர் அந்தப் பதிலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டாள்.

ஆட்டுக்குட்டிக்குத் தைரியம் வந்தது. "புத்தகத்தைத் தின்றால்தான் பாடம் மனதில் நிற்கும், டீச்சர்."

"ச்சு ச்சு," என்றது பல்லி.

வகுப்புக்கு இருந்ததே ஒரு புத்தகம். டீச்சர் அதை இறக்கைக்குள் இடுக்கிக்கொண்டாள். "பல்லியாரே, கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். இதுவும் போனால் நான் எதை வைத்துப் பாடம் நடத்துவேன்?"

"நான் எங்கே அம்மா சொன்னேன்? பல்லிடுக்கில் கொசுக்கால் மாட்டிக்கொண்டது. என் சத்தத்துக்கு அர்த்தமே கிடையாது," என்றது பல்லி. கொசுக்கால் இன்னும் வெளியே வரவில்லை. "ச்சு ச்சு."

"அப்படியானால் இதுவும் உண்மை," என்றாள் டீச்சர். உண்மையென்றால் சத்தத்துக்கு அர்த்தமில்லை. அர்த்தமில்லையென்றால் இது எப்படி உண்மை? குழம்பிப்போய் இரண்டு இறக்கைகளையும் விரித்தாள். புத்தகம் கீழே விழுந்தது. ஆட்டுக்குட்டி அதை அட்டைவரை படித்து முடித்தது.

இவ்வளவுதான் கதை. சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பல்லி வாயே திறக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நானே "ச்சு ச்சு" என்று சொல்லிவைத்தேன்.