துருவோடு மூணு கருவாடு

பழைய போர்க்களத்துக்கு அடியில் வளை பறித்த பெருச்சாளிக்குத் தோண்டத் தோண்ட இரும்பாகவே அகப்பட்டது. ஓட்டை விழுந்த சிப்பாய்த் தொப்பி, ஒரு கத்தி, தேங்காய்ப் பருமனில் ஒரு குண்டு. எல்லாவற்றையும் வாசலில் பரப்பி வைத்தது. காக்காய் வாங்க வந்தது.

"துரு ஏறின சாமானுக்கு ஒரு கருவாடே அதிகம்ணே. பளபளன்னு இருந்தா ரெண்டு தரேன்."

பெருச்சாளிக்குச் சுள்ளென்று ஏறியது. "பளபளப்புதானேடா வேணும்? நின்னு பாரு" என்று கத்தியைக் கல்லில் தேய்த்தது. துரு உதிர உதிரக் கத்தியும் உதிர்ந்து, பிடிதான் மிஞ்சியது. காக்காய் சிரித்தது. அந்த ஆத்திரத்தில் பெருச்சாளி குண்டைப் புரட்டிப் போட்டுக் கல்லை ஓங்கியது.

"அண்ணே, ஒரு நிமிஷம்" என்றது குண்டு. "கத்தியெல்லாம் வேலையை முடிச்சுட்டு மண்ணுக்குள்ள போனது. நான் வெடிக்காமப் போனவன். இந்தத் துருதான் என் வாயை மூடி வச்சிருக்கு. தட்டணும்னா தட்டுங்க. காக்காத் தம்பியும் பக்கத்துலயே இருக்கட்டும்."

காக்காய் அங்கே இல்லை. பெருச்சாளி கல்லைப் பூப்போலக் கீழே வைத்தது. குண்டைச் சுற்றி வைக்கோலை அணைத்தது. ஒட்டியிருந்த மண்ணைக்கூட ஊதவில்லை.

மறுநாள் தூரத்து மரத்திலிருந்து காக்காய் கத்தியது: "அண்ணே, அந்தத் தொப்பி என்ன விலை?"

"மூணு கருவாடு."

"துருவோடயா?"

"துருவோடதான்" என்று கிசுகிசுத்தது பெருச்சாளி. "மெல்லப் பேசுடா."