கோப மூஞ்சி

"இன்னிக்கும் உங்க ஷெரின் கோப மூஞ்சிக்குக் கீழதான் போட்டோ ஒட்டியிருக்கா!"

பிளே ஸ்கூலின் தலைமை மிஸ் டோரீன் சுவரைக் காட்டினார். சிரிப்பு, அழுகை, பயம், கோபம் என்று மூஞ்சிகள் வரைந்த போர்டு. காலையில் வந்ததும் பிள்ளைகள் தங்கள் மனசுக்கு ஏற்ற மூஞ்சிக்குக் கீழே தங்கள் போட்டோவை ஒட்ட வேண்டும். இந்தப் போர்டைக் காட்டித்தான் அங்கே அட்மிஷனே நடக்கிறது.

ஷெரினின் அம்மா சிந்தியா அசரவில்லை. "மனசுல இருக்கறத ஒட்டத்தானே மேடம் போர்டு? ஒட்டிட்டா."

"இன்னிக்குப் புது பேரன்ட்ஸ் ஸ்கூலைப் பார்க்க வர்றாங்க. சிரிச்ச மூஞ்சிக்கு மாத்துன்னா மாட்டேங்கறா. வீட்ல ஹஸ்பெண்டோட ஏதாவது சண்டையா?"

சிந்தியாவுக்குச் சுருக்கென்றது.

"என் வீட்டுக் கதை உங்களுக்கு எதுக்கு? என் பொண்ணு பொய்யா சிரிக்க மாட்டா. மாத்த முடியாது."

"அப்ப அடுத்த டெர்முக்கு வேற ஸ்கூல் பாத்துக்கங்க."

எலெக்ட்ரானிக் சிட்டியில் அவள் ஷிப்டுக்குத் தோதாகக் கிடைத்த இடம் இது ஒன்றுதான். வாசலில் ஆபீஸ் கேப் வேறு ஹாரன் அடித்தது. ஆனாலும் இறங்கி வர மனசில்லை. மகளைக் கூப்பிட்டாள்.

"பயப்படாம சொல்லு கண்ணு. உனக்கு யார் மேல கோபம்?"

ஷெரின் விழித்தாள். "எனக்குக் கோபமே இல்ல மம்மி."

"கேட்டீங்களா? வேணும்னே பண்றா!" டோரீனின் முகத்தில் ஜெயித்த களை.

சிந்தியாவின் முகம் தொங்கிவிட்டது. "அப்புறம் ஏன்டி அங்க ஒட்டற?"

"ரித்விக்குக்குத்தான் கோபம். அவன் டாடி துபாய் போயிட்டாரு. கோபத்துல ஒட்டினா மிஸ் மூலையில உட்கார வச்சிடுவாங்க. தனியா உட்கார்ந்தா அவன் அழுவான் மம்மி. நானும் ஒட்டினா, கூடப் போய் உட்காரலாம்ல?"

சிந்தியா திரும்பிப் பார்த்தாள். மூலையில் ஒரு பொடியன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

புது பேரன்ட்ஸ் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். டோரீன் அவசரமாகச் சிரிப்பை வரவழைத்துக்கொண்டார். கேப் மறுபடி ஹாரன் அடித்தது.

சிந்தியா கழுத்திலிருந்த ஆபீஸ் ஐடி கார்டைக் கழற்றி, தன் போட்டோ எல்லோருக்கும் தெரியும்படி, கோப மூஞ்சியின் மேல் தொங்கவிட்டாள். நேராக மூலைக்குப் போனாள்.

"கொஞ்சம் தள்ளி உட்காரு ரித்விக் கண்ணு. ஆன்ட்டிக்கும் கோபம்."