மனம்பேசி

தீவிர சிகிச்சைப் பிரிவு டாக்டர்கள் உறவினர்களிடம் பேசும்போது, மனதில் நினைப்பதை உரக்கச் சொல்லிவிடும் மனம்பேசியை அணிந்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்த முதல் வாரம் அது. டாக்டர் மெஹருன்னிசா அதைக் காதில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். வெண்டிலேட்டரில் இருந்த பொன்னையாவின் மனைவி சொர்ணம் பதறி எழுந்தாள்.

"இப்பவே உறுதியா எதுவும் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர்.

"பசிக்குது" என்றது மனம்பேசி, அவர் குரலிலேயே. "அந்த மனுஷன் வேற, வாயில டியூபோட நர்ஸைப் பார்த்துக் கண்ணடிக்கிறார்."

டாக்டருக்கு முகம் வெளிறிவிட்டது. "அது வெறும் தசைத் துடிப்பா இருக்கும்மா."

"இல்லீங்க டாக்டர், அது அவரேதான்!" இத்தனை நாள் அழுத கண்ணோடு சொர்ணம் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. விறுவிறுவென்று உள்ளே போய்க் கணவனின் காதருகே குனிந்தாள்.

"சீக்கிரம் வீட்டுக்கு வாங்க. வச்சுக்கிறேன்."

பொன்னையா இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டார். அவள் சொன்னது அவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது. பின்னாலேயே வந்து பார்த்த டாக்டருக்கு நிம்மதி தாங்கவில்லை.

"இனிமே உயிருக்கு ஆபத்தில்லம்மா" என்றார்.

"இங்கே இருக்கிற வரைக்கும்" என்றது மனம்பேசி.