நீலத் துண்டு

குளியலறைத் தாழ்ப்பாளை எட்வின்தான் கழற்றி எறிந்தான். அப்பா உள்ளே வழுக்கி விழுந்தால் கதவை உடைக்க வேண்டியிராது. சுவரில் பிடிமானக் கம்பியும் போட்டாயிற்று.

"தாழ்ப்பா இல்லாம எப்பிடில குளிக்க?" என்று ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்த ஞானமுத்து, கடைசியில் வெளிப்பக்கக் கைப்பிடியில் ஒரு நீலத் துண்டைத் தொங்கவிட்டார்.

"துண்டு கெடந்தா ஒரு பய உள்ள வரக்கூடாது." மகனிடமும் மருமகளிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் எட்வின் வேலை முடிந்து வந்தபோது துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. முகம் கழுவக் காத்து நின்றான். பின்னாலேயே மனைவியும் ஆபீசிலிருந்து வந்தாள்.

"அப்பா எப்பம் குளிக்கப் போனாவ?"

"காலையில நான் கெளம்பும்போதே துண்டு கெடந்துதே" என்றவள், பையை அப்படியே கீழே விட்டாள்.

எட்வின் துண்டைத் தொடவில்லை. தாழ்ப்பாள் இல்லாத அந்தக் கதவை ஒற்றை விரலால் தட்டினான்.

"எப்பா, உள்ள வரட்டா?"