கொட்டேஷன் சாரின் சமையலறை

“எவன் சார் இந்த வேலையைப் பண்ணினது?”

சிங்க்குக்கு அடியிலிருந்து பிளம்பரின் குரல் வந்தது. தலை உள்ளே, கால்கள் வெளியே.

“நீங்களே சொல்லுங்க. அதுக்குத்தானே கூப்பிட்டேன்,” என்றார் வீட்டுக்காரர். “மொத்தக் கிச்சனையும் இடிச்சுட்டுப் புதுசா பண்றோம். குழாய் வேலை உங்களுக்கா, வேற ஆளுக்கான்னு இன்னைக்குத் தெரிஞ்சிடும்.”

கதவோரம் அவர் மனைவி கையில் புது அலமாரிக்கான கலர் அட்டைகளோடு நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்த சமையலறை இது. இருந்த சமையலறையில் டிராயரை இழுத்தால் கைப்பிடி மட்டும் வரும், லைட் தனக்குத் தோன்றினால் எரியும். வீட்டை அவள் அப்பா அவள் பெயரில் எழுதிக்கொடுத்திருந்தார். அதிகாரத்தை மட்டும் கணவர் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

“ஒரே ஒரு சந்தேகம்,” என்றார் கணவர் பணிவாக. “நேத்து வந்த பிளம்பர், இந்தக் குழாய் சொட்டுறதை யாராலயும் நிறுத்த முடியாதுன்னுட்டார்.”

“யார் சார் அந்த மேதாவி? அந்த ஸ்பேனரை இப்படிக் குடுங்க!”

சற்று நேரத்தில் சொட்டு நின்றது. வீட்டில் ஒரு கடிகாரம் இருப்பதே அப்போதுதான் காதில் விழுந்தது.

“பிரமாதம்! வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றேன்,” என்று கும்பிட்டு அனுப்பினார்.

என்ன விலை ஆகும் என்று கொட்டேஷன் கேட்டே ஆளை வரவழைப்பதால், தெருவில் அவருக்குப் பெயர் கொட்டேஷன் சார். இன்னொருவன் செய்த வேலையைத் திட்டாமல் எந்த வேலைக்காரராலும் தாண்டிப்போக முடியாது. திட்டிய பிறகு அதைச் சரிசெய்யாமல் தூங்க முடியாது. அந்த வியாதிக்கு உலகமே மருந்து தேடட்டும், சார் அதில் லாபம் கண்டுவிட்டார்.

அடுத்து வந்த கார்பென்டரிடம், “இந்த டிராயரெல்லாம் இந்த ஜென்மத்துல ஓடாதுன்னு சொல்லிட்டாங்க,” என்று பெருமூச்சு விட்டார். கார்பென்டர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்தபோது டிராயர்கள் ஒற்றை விரலுக்கு ஓடின.

“இவரையாவது முடிச்சிடலாங்க,” என்றாள் மனைவி.

“மீசையைப் பார்த்தியா? ஒரு பக்கம் இறங்கியிருக்கு. அலமாரி மட்டும் நேரா நிக்குமா?”

எலக்ட்ரீஷியன் லைட்டை எரியவைத்துக் காட்டினார். சார் வீட்டுப் பிளக்கில் தன் போனைச் சார்ஜ் போட்ட குற்றத்துக்காகத் தள்ளுபடி ஆனார். டைல்ஸ்காரர் ஆடிய கற்களை ஒட்டிக் காட்டினார். இன்னொரு டம்ளர் தண்ணீர் கேட்டார். அந்தக் குற்றத்துக்கு அவரும் போனார்.

“எல்லாரையும் வேண்டாம்னுட்டீங்க. அப்போ வேலை எப்பதான் ஆரம்பிக்கும்?” என்று மனைவி கேட்டாள்.

“எந்த வேலை? குழாய் சொட்டுதா? லைட் எரியலையா? நல்லா இருக்கற கிச்சனை எந்தப் பைத்தியக்காரனாவது இடிப்பானா? அடுத்து பாத்ரூமுக்கு ஆள் கூப்பிடணும். ஷவர் சரியில்லை.”

கலர் அட்டைகளை டிராயருக்குள் போட்டு ஆத்திரத்தோடு ஓங்கித் தள்ளினாள். அது சத்தமே இல்லாமல் பூப்போல மூடிக்கொண்டது.

மறுபடி ஒருமுறை இழுத்து மூடினாள், குழாயைத் திறந்து மூடினாள், லைட்டைப் போட்டுப் பார்த்தாள்.

“நீங்க சொன்னா சரிதாங்க,” என்றாள்.

அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சார் அதையும் இலவசமாக வந்த ரிப்பேர் என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே வந்து கூப்பிட்டாள். “ஏங்க, வீட்டைப் பார்க்க ஒருத்தர் வந்திருக்கார். நீங்களே சுத்திக் காட்டுங்களேன்.”

இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றார் வந்தவர். கையில் டேப் இல்லை, பென்சில் இல்லை, காதிலும் இல்லை. பெரிய கான்ட்ராக்டர், அளக்கத் தனி ஆள் வைத்திருப்பார் என்று சார் கணக்குப் போட்டார்.

“பக்கத்து வீட்டுக்காரங்க எப்படி சார்?” என்று கேட்டார் வந்தவர்.

“தங்கமானவங்க. எவ்வளவு இடிச்சாலும் ஏன்னு கேட்க மாட்டாங்க.”

வந்தவர் சற்று விழித்தார். சார் அவரைச் சமையலறைக்குள் நகர்த்தி வழக்கமான தூண்டிலைப் போட்டார். “முன்னாடி வந்தவர், இந்தக் கிச்சனைத் தேத்தவே முடியாதுன்னுட்டார்.”

வந்தவர் குழாயைத் திறந்து மூடினார். டிராயரை இழுத்துப் பார்த்தார். “எனக்கு ஒரு குறையும் தெரியலையே. எல்லாம் கச்சிதமா இருக்கு.”

தூண்டில் காலியாகத் திரும்பியது இதுதான் முதல் முறை. சார் அவசரமாக அவரைப் பாத்ரூமுக்கு ஓட்டிப்போனார். “இந்த ஷவரைப் பாருங்க. இதை யாராலயும்...”

“அது பரவாயில்ல சார். அதை நான் பார்த்துக்கறேன்.”

“நீங்களேவா? உங்க செலவுலயா?”

“ஆமா. இனிமே அது என் பொறுப்புதானே?”

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை பேரைச் சலித்தெடுத்தது இப்படி ஒரு மனிதனுக்காகத்தான் என்று தோன்றியது. வாழ்க்கையில் முதன்முறையாகக் கலந்து பேசாமல் வாக்குக் கொடுத்தார்.

“யோசிக்கறதுக்கே இல்லை. நீங்கதான்! முடிச்சிடலாம்!”

வந்தவர் நிம்மதியாகச் சிரித்தார். கதவோரம் நின்ற மனைவியின் கைக்கு அந்தக் கலர் அட்டைகள் மறுபடி வந்திருந்தன. வந்தவர் அவள் பக்கம் திரும்பினார்.

“சாரும் சரின்னுட்டார், நீங்க சொன்ன விலையே இருக்கட்டும்மா. எப்போ காலி பண்றீங்க?”